பத்துக்கு நாலு

நேத்து நம்ம ஃபேர்ஃபாக்ஸ் (அமெரிக்காவுல, வர்ஜீனியா) தமிழ்க் குழுவில நடந்தது பார்த்தவங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப் போறதில்ல. "அந்த ஸ்கூல் ரேட்டிங் பத்துக்கு நாலு. எந்த வீட்டுப் பிள்ளை எந்த ஸ்கூல்னு பிரிக்கிற எல்லையை மாத்தி அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களை இங்க விட்டா நம்ம ஸ்கூலும் காலி"ன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட். கீழே வரிசையா கட்டைவிரல். என் பொண்ணு அந்த நாலு மார்க் ஸ்கூல்லதான் படிக்கிறா. அது தெரிஞ்சவங்களும் கட்டைவிரல் போட்டிருந்தாங்க.

தேர்வு மார்க்கை வச்சுப் போடுற அந்த நம்பர்ல பெரும்பாலும் தெரியுறது பெத்தவங்க சம்பளம்தாங்க.

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி அரசுப் பள்ளிகள்ல ஏறத்தாழ 1,80,000 பிள்ளைங்க படிக்கிறாங்க. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வசதி குறைஞ்ச குடும்பம். அவங்க எல்லா ஊர்லயும் சமமா இல்ல. மெக்லீன், கிரேட் ஃபால்ஸ் பக்கம் பணக்கார உலகம்; ரூட் 1, பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் பக்கம் வேற உலகம். எல் சால்வடார்லேருந்து வந்து ரெண்டு வருஷம்கூட ஆகாத பையன் ஆங்கிலத்துல வாசிப்புத் தேர்வு எழுதணும். விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து டியூஷன் போற நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் அதே தேர்வு. இதை வச்சு டீச்சருக்கு மார்க் போடுறோம். பிரமாதம்.

என் பொண்ணு பின்னக் கணக்கு வராம அழுதப்போ, மதியச் சாப்பாட்டு நேரத்துல கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அந்த 'நாலு மார்க்' டீச்சர்தான். அது எந்த ரேட்டிங்லயும் ஏறாது.

"அங்கதான் பணத்தைக் கொட்டுறாங்களே"ன்னு கேப்பீங்க. வசதி குறைஞ்ச பிள்ளைங்க அதிகமுள்ள பள்ளிக்குக் கூடுதல் ஆள் தர்றாங்க, உண்மை. ஆனா வர்ஜீனியா அரசு பள்ளிப் பணத்தைப் பங்கு பிரிக்கிறப்போ கவுண்டியோட சொத்து மதிப்பையும் வருமானத்தையும் பார்க்குது. நாம பணக்காரக் கவுண்டியாம், நீங்களே பார்த்துக்கோங்கன்னு விட்டுடுது. மெக்லீன் மாளிகையோட மதிப்பு, ரூட் 1 அபார்ட்மெண்ட் பையன் கணக்குலயும் ஏறுது. மீதியை நம்ம வீட்டு வரிதான் சுமக்குது. கவுண்டி பொதுநிதியில பாதிக்கு மேல பள்ளிகளுக்குத்தான். வரி ஏறினா முதல்ல கத்துறதும் நாமதான்.

வீட்டு விலை? எல்லை மாறினா இறங்கும்னு பயம் இருந்தா பயம்னு சொல்லுங்க. 'கல்வித் தரம்'னு பேர் வைக்காதீங்க.

டிஜே (தாமஸ் ஜெஃபர்சன், தேர்ந்தெடுத்துச் சேர்க்குற அரசு உயர்நிலைப் பள்ளி) விஷயத்துலயும் இதே கதை. 2020-ல நுழைவுத் தேர்வையும் 100 டாலர் கட்டணத்தையும் எடுத்தாங்க. அடுத்த சேர்க்கையில நம்ம ஆசியப் பிள்ளைங்க பங்கு 73 சதவீதத்திலேருந்து 54 ஆச்சு. அந்த வலி எனக்கும் புரியுது. ஆனா ஒரு சதவீதம்கூட இல்லாத ஏழைப் பிள்ளைங்க 25 சதவீதம் ஆனதை நம்ம குழுவில ஒருத்தராவது சொன்னீங்களா? அதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2024-ல சுப்ரீம் கோர்ட் எடுக்க மறுத்து, வாசல்லயே முடிஞ்சுது. நமக்குத்தான் இன்னும் முடியல.

பொறாமையில எழுதுறேன்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க. எனக்கு ஆத்தமாட்டாம வர்றது வேற. அந்த ஸ்கிரீன்ஷாட் போட்டவர் வருஷா வருஷம் ஆசிரியர் தினத்துக்கு, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில மரத்தடியில படிச்சு இங்க வந்தேன்னு உருக்கமா எழுதுறவர். நானும் லைக் போட்டிருக்கேன். அந்த மரத்தடிக்கு யார் ரேட்டிங் போட்டாங்க சார்?

எதிர்க்கருத்து இருந்தா இங்கேயே எழுதுங்க. இன்பாக்ஸ்ல வந்து "உங்க பொண்ணைச் சொல்லல"ன்னு மட்டும் வேண்டாம்.