டிசைனரை சஸ்பெண்ட் பண்ணியாச்சு, பாதில நிக்கிற சைட்டை யார் பாக்கறது?

சில நாடுகள்ல இன்டீரியர் டிசைனர்கள் அரசு போர்டுகிட்ட ரெஜிஸ்டர் பண்ணிக்கறாங்க, தப்பு பண்ணா போர்டு அந்த ரெஜிஸ்ட்ரேஷனை கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கும், அதான் சஸ்பென்ஷன். இதைப் பத்தி பேச்சு எடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "சோபா கலர் சொல்றவங்களுக்கு எதுக்குய்யா லைசென்ஸ், அதைப் புடுங்க ஒரு போர்டு வேற"ன்னு ஒரு கோஷ்டி சிரிக்கும். இன்னொண்ணு எங்க ஃபீல்ட் ஆளுங்களேதான், "வயித்துல அடிக்கிறாங்க"ன்னு ஒப்பாரி வைப்பாங்க. எனக்கு ரெண்டுமே ஒத்துவரல. சஸ்பென்ஷன் கண்டிப்பா வேணும், ஆனா வெறும் ஒரு ஆர்டரைப் போட்டுட்டு போர்டு கையைக் கழுவிட்டா டிசைனரை விட அதிகமா அடிபடறது பணம் குடுத்த கிளையன்ட்தான்.

முதல்ல அந்த சோபா கலர் கோஷ்டிக்கு. 1942ல அமெரிக்கால பாஸ்டன் கோகோநட் க்ரோவ் நைட் கிளப் தீ விபத்துல 492 பேர் செத்தாங்க, சட்டுனு பத்திக்கிற அலங்காரம், பூட்டி வச்ச கதவு, திரைக்குப் பின்னாடி மறைஞ்சு போன வழி. 2003ல ரோட் ஐலண்ட்ல ஸ்டேஷன் நைட் கிளப், 100 பேர், அங்க சுவத்துல ஒட்டின ஃபோம். சுவத்துக்கு மேல என்ன ஒட்டறோம், எந்தக் கதவை மறைக்கிறோம்ங்கிறது உயிர் சமாச்சாரம்ங்க. இன்னிக்கும் எக்ஸிட் கதவு தெரிஞ்சா லுக் கெட்டுப்போகுதுன்னு அதே பேனலை கதவு மேலயும் ஒட்டி, கைப்பிடியைக்கூட மறைச்சு வைக்கிறவங்க இருக்காங்க, போட்டோல சூப்பரா இருக்கும், புகை சூழ்ந்தா கையால தடவித் தடவி தேடணும். அப்படி பண்றவரை கொஞ்ச காலம் உக்கார வைக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

அடுத்தது கமிஷன், எங்க ஆளுங்களுக்கு கசக்கிற மேட்டர். லேமினேட், லைட், ஹார்ட்வேர்னு எதை வாங்க வச்சாலும் சப்ளையர் கிட்டருந்து பின்வாசல் வழியா ஒரு பங்கு வரும், கிளையன்ட்கிட்ட தனியா ஃபீஸும் வாங்கிக்கறது. அமெரிக்காவோட ஃப்ளோரிடா மாநில சட்டம் இதை நேராவே சொல்லுது, கிளையன்ட்டுக்குத் தெரிஞ்சு அவர் ஒத்துக்கிட்டா ஒழிய சப்ளையர் கிட்ட பணமாவோ பொருளாவோ எதையும் வாங்கக்கூடாது. வாங்கறதே தப்புன்னு சொல்லல பாருங்க, மறைச்சு வாங்கறதுதான் தப்பு. இதுல எனக்கு ஒரு குழப்பமும் இல்ல, மறைச்சிருந்தா சஸ்பெண்ட் பண்ணலாம்.

சரி, பண்ணியாச்சு. இப்ப அந்த சைட்டுக்குப் போய்ப் பாருங்க. வார்ட்ரோப் பாதி நிக்குது, ஷட்டர் இல்ல. ஃபால்ஸ் சீலிங்லருந்து ஒயர் கொத்துக் கொத்தா தொங்குது, எது எந்த சுவிட்சுக்குன்னு எலெக்ட்ரீஷியனுக்கே தெரியாது, ஏன்னா கடைசியா மாத்தின லேஅவுட் டிசைனரோட லேப்டாப்ல இருக்கு. கிளையன்ட்கிட்ட இருக்கறது வாட்ஸ்அப்ல வந்த ரெண்டு த்ரீடி படம்தான். அட்வான்ஸ் டிசைனர் அக்கவுண்ட்ல, ஆர்டர் எல்லாம் டிசைனர் பேர்ல, வெண்டாரைக் கூப்ட்டா "சார் எங்களுக்கு உங்களைத் தெரியாது"ங்கறான். வேற டிசைனரைக் கூப்பிட்டா அடுத்தவன் வேலையில எவனும் சுலபமா கை வைக்க மாட்டான், வச்சாலும் பிரிச்சுட்டு முதல்லருந்து பண்ணலாம்பான்.

அதனால நான் கேக்கறது, சஸ்பென்ஷன் ஆர்டர்லயே ஒப்படைப்பும் இருக்கணும். ஓடிட்டிருக்கிற ஒவ்வொரு வேலைக்கும் எடிட் பண்ற மாதிரி டிராயிங் ஃபைல், குடுத்த ஆர்டர் லிஸ்ட், வாங்கின பணத்துக்கு கணக்கு, இதெல்லாம் கெடு வச்சு கிளையன்ட் கைக்குப் போகணும். பின்னாடி ரெஜிஸ்ட்ரேஷனைத் திருப்பிக் குடுங்கன்னு வர்றப்ப கிளையன்ட் கையெழுத்து போட்ட பேப்பரைக் காட்டச் சொல்லணும். டிராயிங் என் சொத்துன்னு சில பேர் காப்பிரைட் பேசுவாங்க, பேசட்டும், அந்த ஒரு வேலையை முடிக்க மட்டும் அனுமதின்னு எழுதிட்டா போச்சு.

இதெல்லாம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மதிப்பு இருக்கிற இடத்துலதான் நடக்கும்ங்கறதையும் சொல்லணும். பிலிப்பைன்ஸ்ல 2012 சட்டப்படி ரெஜிஸ்டர் பண்ணாம தொழிலே பண்ண முடியாது, அங்க சஸ்பென்ஷன்னா நிஜமாவே அடி. ஃப்ளோரிடாவே 2020ல கட்டாய லைசென்ஸைத் தூக்கிட்டு விருப்பப்பட்டா ரெஜிஸ்டர் பண்ணிக்கோன்னு மாத்திடுச்சு, கட்டட அனுமதிக்குக் குடுக்கற பர்மிட் டிராயிங்ல கையெழுத்து, சீல் போட மட்டும்தான் அது தேவை, வீட்டு வேலை மட்டும் பாக்கறவருக்கு அது போனா என்ன, வந்தா என்ன. அலபாமால 2007ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டே இன்டீரியர் டிசைன் தொழில் கட்டுப்பாட்டை ரத்து பண்ணிடுச்சு. இந்தியால ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972 சட்டமும் கவுன்சிலும் இருக்கு, இன்டீரியர் டிசைனருக்கு அந்த மாதிரி சட்டப்படி தேசிய ரெஜிஸ்டரே இல்ல, இல்லாததை எங்க சஸ்பெண்ட் பண்றது!

கட்டாயம் இருக்கிற இடத்துலயும் ஒரு ஓட்டை. ஆள் சஸ்பெண்ட், ஆனா கம்பெனி ஓடும், பார்ட்னர் கையெழுத்து போடுவார், இவர் "கன்சல்டன்ட்"னு அதே சைட்ல நிப்பார். கம்பெனியையும் சேர்த்துப் பிடிக்காத ஆர்டர் வெறும் லீவு லெட்டர்தான்.

அதே சமயம் புகார் வந்த அன்னிக்கே விசாரிக்காம தூக்கறதும் கூடாது. கடைசி பில்லைக் குடுக்காம இருக்க புகார் குடுக்கிற கிளையன்ட்டும் உண்டு, கலர் புடிக்கலைன்னு குடுக்கிறவரும் உண்டு. அடைச்ச எக்ஸிட் மாதிரி உயிருக்கு ஆபத்துன்னா உடனே நிறுத்துங்க, மத்ததுக்கு நோட்டீஸ் குடுத்து அவர் பக்கத்தைக் கேட்டுட்டு அப்புறம் பண்ணுங்க. போர்டு விசாரணைல உக்காந்த அனுபவம் இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ஒப்படைப்பைப் பத்தி ஆர்டர்ல ஒரு வரியாவது எழுதினாங்களா?