செய்தவர் பெயர் எங்கே?

பத்து வருடமாக ஏலப் பட்டியல்களைப் படித்துவருகிறேன். கைவினைப் பொருள் என்றால் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் நின்று பார்ப்பேன். ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. பொருளின் படத்துக்குக் கீழே, அது யார் யாரிடம் இருந்து வந்தது என்று உரிமையாளர்களின் வரிசையே இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது. ‘நவஹோ, 19ஆம் நூற்றாண்டு’ என்று ஓர் அமெரிக்கப் பழங்குடியின் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

2012இல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய நவஹோ போர்வை 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விற்றவர் கதை செய்திகளில் விரிவாக வந்தது. அதை நெய்த பெண் யாரென்று சொல்ல ஒருவரும் இல்லை.

அந்தக் காலத்தில் யார் எழுதிவைத்தார்கள் என்று கேட்கலாம். சரி. எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மரியா மார்டினெஸ் ஓர் உதாரணம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்டெஃபோன்சோ என்ற பழங்குடி ஊரில் பானை செய்தவர். சக்கரம் கிடையாது. மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கிப் பானையை எழுப்புவார். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். அதன்மேல் கணவர் ஜூலியன் மண்கரைசலால் கோலம் தீட்டுவார். நெருப்பு நன்றாகப் பிடித்ததும் சாணத்தூளைக் கொட்டி மூடிவிடுவார்கள். உள்ளே காற்று போகாமல் புகை மண்ணில் ஏறிப் பானை கறுத்துவிடும். தேய்த்த இடம் கண்ணாடியாய் மின்னும், தீட்டிய இடம் மங்கலாய் நிற்கும். 1919 வாக்கில் இருவரும் கண்டுபிடித்த முறை இது.

1920களில் மரியா பானையின் அடியில் பெயரெழுதத் தொடங்கினார். முதலில் ‘மரீ’ (Marie) என்று, அப்புறம் கணவர் பெயரோடு, பிறகு மருமகள் சந்தானாவோடு, கடைசியில் மகன் போபோவி தாவோடு. இன்று ஏலத்தில் பானையைக் கவிழ்த்துப் பார்த்தாலே எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்த பானைகளிலும் நல்ல விலை கிடைக்கட்டும் என்று தன் பெயரை எழுதிக்கொடுத்திருக்கிறார். சேகரிப்பவர்கள் இதைக் குறையாகப் பேசுவார்கள். எனக்கு அதில்தான் அவர்மேல் மரியாதை கூடுகிறது. ஒரு பெயர் ஊருக்கே சோறு போட்டிருக்கிறது.

கொரோனாவுக்கு முன் அதே நியூ மெக்சிகோவில் கிரவுன்பாயின்ட் என்ற ஊருக்குப் போயிருந்தேன். 1968இல் தொடங்கிய நவஹோ கம்பள ஏலம், பள்ளிக்கூடத்து அரங்கில் நடந்தது. நெய்தவர்களே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மேசைகளில் குவித்து வைத்திருப்பதை யாரும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். நான் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். நவஹோ தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஒரே நூலாக மேலும் கீழும் போய்வரும், அதனால் வழக்கமாகக் குஞ்சம் இருக்காது. ஒவ்வொன்றிலும் கட்டிய சீட்டில் நெய்தவர் பெயர், ஊர். நம் ஊரில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று நிறுத்திச் சொல்வார்கள். அங்கே மூச்சு விடாமல் ராகம்போல விலை ஏறுகிறது.

சாயம் போடாத ஆட்டுரோமத்தில் பழுப்பும் கறுப்பும் வெள்ளையுமாக நெய்த ஒரு சின்னக் கம்பளம் எனக்கு விழுந்தது. நெய்த அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். “தறியிலிருந்து எண்ணாதே, ஆட்டுக்கு மயிர் கத்தரித்த நாளிலிருந்து எண்ணு” என்றார். அந்தச் சீட்டைக் கம்பளத்தின் பின்பக்கம் தைத்து வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து இணைய ஏலத்தில் எதைக் கேட்பதற்கு முன்னாலும் ஒரு வரி அனுப்புகிறேன்: ‘செய்தது யார்?’ நீங்களும் அனுப்புங்கள். பழைய பொருளுக்குப் பெயர் கிடைக்காமல் போகலாம். விசாரித்துப் பார்த்தோம் என்றாவது பட்டியல்காரர்கள் சொல்ல வேண்டும்.

போன மாதம் உஸ்பெகிஸ்தான் சுசானி ஒன்று ஏலத்துக்கு வந்தது. கல்யாணச் சீருக்காக வீட்டுப் பெண்கள் பட்டை பட்டையாகத் தைத்து இணைக்கும் பூவேலைத் துணி. அதிலிருந்த மாதுளம்பழங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, புகாராவா சமர்கந்தா, எந்த ஊர் என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். ‘மத்திய ஆசியா’ என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன்.