நார்ட்டன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும்

கட்டுரை அருமை, ஆனால் குத்துச்சண்டை ஹெவிவெயிட் உலக சாம்பியன்கள் பட்டியலில் 1978-க்கு நேராகக் கென் நார்ட்டன் பெயரைச் சும்மா போட்டுவிட்டு நகர்ந்தது சரியில்லை. அந்த பிப்ரவரியில் சாம்பியன் முகமது அலியைத் தோற்கடித்தது லியோன் ஸ்பிங்க்ஸ், அவருக்கு அது எட்டாவது தொழில்முறைச் சண்டைதான். அடுத்து நார்ட்டனோடு மோதச் சொன்னது, உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்). ஸ்பிங்க்ஸோ அலியோடு மறுபடி மோதவே ஒப்புக்கொண்டார். உடனே பட்டத்தைப் பறித்து, முந்தின வருஷம் ஜிம்மி யங்கை ஜெயித்ததைக் கணக்கில் காட்டி நார்ட்டன் கையில் கொடுத்துவிட்டார்கள்! மனுஷன் பட்டத்துக்காக ஃபோர்மன், அலி, ஹோம்ஸ் என்று மூன்று பேரோடு மோதி மூன்றிலும் தோற்றவர். அதிலும் ஹோம்ஸோடு 15 ரவுண்டு, இரண்டு நடுவர் ஹோம்ஸுக்கு, ஒருவர் நார்ட்டனுக்கு, எல்லாமே ஒற்றைப் புள்ளி வித்தியாசம். அந்தக் கடைசி ரவுண்டை வீடியோவில் பாருங்கள், இரண்டு பேருமே கையை இறக்கவில்லை.

அப்புறம், 1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நம்ம ராயபுரத்துப் பெரிசுகள் 'உலக சாம்பியன் வந்தார்' என்றுதான் சொல்வார்கள். அப்போது டபிள்யூபிசி, டபிள்யூபிஏ என்ற இரண்டு அமைப்புகளின் சாம்பியன் பெல்ட் இரண்டும் ஹோம்ஸ், ஜான் டேட் இடுப்பில். அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.