சிம்பல் போனது, ட்ரம்மர் போகவில்லை

போன ஞாயிறு விடாத மழை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே போக வழியில்லாமல் வீட்டில் இருந்து 'பேக்ஸ்டேஜ் பாஸ்போர்ட்' தொடரை மறுபடியும் முழுக்கப் பார்த்து முடித்தேன். 2008இல் அமெரிக்காவின் ஃபியூஸ் தொலைக்காட்சியில் வந்தது. நோஎஃப்எக்ஸ் என்ற பங்க் குழு, அதுவரை போகாத நாடுகளாகத் தேடித் தேடிப் போய் வாசிப்பதுதான் கதை. தென்னமெரிக்கா, ஆசியா, தென்னாப்பிரிக்கா என்று போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு இந்த இசை மேல் எவ்வளவு பிரியம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் பம்பலப்பிட்டியில் ஒரு சிடி கடையில் கிரீன் டேயின் 1994 ஆல்பமும் பிளிங்க்-182இன் 1999 ஆல்பமும் ஒரே நாளில் வாங்கினேன். மூன்று கோர்ட், வேகமான ட்ரம்ஸ், ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. கோபத்தையும் சந்தோஷத்தையும் ஒரே பாட்டில் கத்திப் பாடலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவை அவை. நோஎஃப்எக்ஸ் அந்த பொப்-பங்க் குழுக்களுக்கு மூத்தவர்கள், 1983இல் லொஸ் ஏஞ்சலிசில் தொடங்கியவர்கள். 2024 ஒக்டோபரில் கடைசி நிகழ்ச்சியை வாசித்துவிட்டு ஓய்ந்தார்கள்.

தொடர் நல்ல தொடர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏற்பாட்டாளர் சொன்னது ஒன்று, போய் இறங்கினால் இருப்பது வேறொன்று என்ற அலைச்சலை மறைக்காமல் காட்டுகிறார்கள். சுற்றுப்பயணம் என்றால் மேடையில் நிற்கும் ஒரு மணிநேரம் மட்டும் என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டும். மிச்ச இருபத்து மூன்று மணிநேரமும் காத்திருப்பதும் சுமப்பதும்தான்.

ஆனால் இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு காட்சி வரும். விமானம் கிளம்பும், உலகப்படத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும், அடுத்த நாடு வந்துவிடும். அந்தக் கோடு ஓடும் இரண்டு விநாடிக்குள் எங்களைப் போன்றவர்களின் முழுச் சுற்றுப்பயணமும் அடங்கிக் கிடக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் பாரிஸ், சூரிச், டோட்முண்ட் என்று மூன்று ஊர்களில் வாசிக்க எங்களுக்கு அழைப்பு வந்தது. எல்லாம் நம் ஆட்கள் நடத்தும் சின்ன நிகழ்ச்சிகள். நாங்கள் நான்கு பேர், நான் பேஸ் கிட்டார். அந்த ஜூனில்தான் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் வீசாவின் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. நான்கு பேருக்கு 360 யூரோ, கிடைக்காவிட்டால் திரும்பி வராத காசு. அதற்கு மேல் அழைப்புக் கடிதம், வங்கிக் கூற்று, வேலை செய்யும் இடத்துக் கடிதம், காப்புறுதி. எங்கள் ட்ரம்மரின் அம்மா, அந்த அன்ரி, கொட்டாஞ்சேனை வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை திரும்பி வருவான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரே நாளில் போனோம், ஒரே கடிதத்தின் பிரதிகளைக் கொடுத்தோம், ஒரே இயந்திரத்தில் கைரேகை வைத்தோம். மூன்று பேருக்குக் கிடைத்தது, ட்ரம்மருக்கு இல்லை. வீசா முடியும் முன் வெளியேறுவார் என்பதில் சந்தேகம் இருக்கிறதாம். படிவத்தில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் மூவருக்கும் மாதச் சம்பளம் வரும் வேலை. அவன் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ட்ரம்ஸ் பழக்குகிறவன். எங்கள் நால்வரில் இசையை மட்டும் நம்பி வாழ்பவன் அவன் ஒருவன்தான். இசைப் பயணத்துக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவனும் அவன்தான்.

நிகழ்ச்சியை நிறுத்துவோம் என்றோம். "மச்சான், போங்கடா, அங்க ஹோல் எல்லாம் புக் பண்ணியாச்சு" என்றான்.

ட்ரம்மர்கள் முழு செட்டையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. பெரிய பெட்டிகள் எல்லாம் போகும் இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். சிம்பல் என்ற உலோகத் தட்டுகள், ஸ்னேர் என்ற சின்ன ட்ரம், கால் பெடல் மட்டும் அவரவர் சொந்தமாகக் கொண்டுபோவது வழக்கம், ஏனென்றால் ஒருவருடைய சத்தம் அதில்தான் இருக்கிறது. அவன் தன் சிம்பல் பையை என்னிடம் தந்தான். வட்டமான கறுப்புப் பை, சிப் உடைந்த இடத்தில் அன்ரி தைத்துக் கொடுத்த பட்டி. பாரிஸ் விமான நிலையத்தில் அந்தப் பை பெல்ட்டில் சுற்றி வந்தது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பித்தளைத் தட்டு ஐந்துக்கும் அனுமதி, அதை அடிக்கிறவனுக்கு இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பாரிஸில் ஒரு தம்பி இரண்டே நாளில் பாட்டெல்லாம் படித்து வாசித்தான். கெட்டிக்காரன், அவனில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் இரவு ஒன்பதரைக்கு மேடை ஏறினோம், கொழும்பில் அப்போது அதிகாலை ஒரு மணி. என் கைபேசியை மொனிட்டர் பெட்டியில் சாய்த்து வைத்து வீடியோ கோல் போட்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் குனிந்து பார்த்தேன். சின்னச் சதுரத்துக்குள் அவன் கட்டிலில் இருந்துகொண்டு இரண்டு கையாலும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நெட்வேர்க் பிந்தியதால் அவனுடைய தாளம் எங்களுக்கு அரை அடி பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கோர்ட்டை விட்டுவிட்டேன்.

இந்த அரை அடியை எந்தப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, 2021இலிருந்து அங்குள்ள குழுக்களுக்கும் இந்தத் தலைவலி வந்தது. வாத்தியங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பத்திரம், சாமான் ஏற்றும் பெரிய லொறிகள் ஐரோப்பாவில் எத்தனை இடத்தில் நிற்கலாம் என்பதற்கு வரம்பு. எல்டன் ஜோன் வரை வெளிப்படையாகப் பேசினார், செய்தி ஆனது. அவர்கள் பேசியது நியாயம்தான், நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்களுக்குப் புதிதாக வந்த இந்த எல்லை எங்களுக்குப் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. அதனால்தான் அது செய்தியாவதில்லை என்று நினைக்கிறேன்.

இது வெளியூர்க்காரர்களைக் குற்றம் சொல்லும் பதிவு இல்லை. நோஎஃப்எக்ஸ் தங்கள் பயணத்தைத் தாங்கள் எடுத்தார்கள், எங்களுடையதை நாங்கள்தான் எடுக்க வேண்டும். நித்தி கனகரட்ணம், ஏ.ஈ. மனோகரன் காலத்திலேயே இந்தத் தீவில் தமிழ் பொப் என்று ஒன்று கலகலவென்று இருந்தது. மனோகரனின் குரல் தமிழ்நாடு வரை போய் அவரை 'சிலோன் மனோகர்' ஆக்கியது. பாட்டுகள் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனால் அவர்கள் எந்தப் படகில், எந்த விமானத்தில் போனார்கள், யார் பின்தங்கினார்கள், யார் வீட்டில் படுத்தார்கள் என்று கண்ணால் பார்க்க எனக்கு ஒரு சுருள் படம்கூடக் கையில் இல்லை. நம் பிள்ளைகளும் இதையே சொல்லக்கூடாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. அவன் மறுபடியும் விண்ணப்பிக்கிறான், இந்தமுறை கைரேகை வைக்க வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனை வீட்டில் அன்ரி உறுதியை உறைக்குள் போடுவார். கமரா இருக்கிறவர்கள், எடிட்டிங் படித்தவர்கள், வெறும் கைபேசியோடு வர விரும்புகிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். காசு தர எங்களிடம் இல்லை, காலைச் சாப்பாடு அன்ரி தருவார். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதல் ஷொட் அந்த வீட்டு வாசலில்தான்.