ரத்தத்துல ஓடுதான்னு விசாரிக்கிறவங்களுக்கு

தண்டையார்பேட்டையில் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் விசாரிப்பார்கள். "அந்த ஊட்ல ஒருத்தருக்கு மனசு சரியில்லையாமே, ரத்தத்துல ஓடுமா?" என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. தங்கைக்குக் கிட்டத்தட்ட முடிவான ஒரு வரன் இந்த ஒரு கேள்வியில் நின்றுபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரத்தத்தில் ஓடுமா என்றால், பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றில் 10 அளவு. சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால் 3, 4. ஒரே கருவில் உருவான இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் பெற்றோருக்கு அந்த நோயே கிடையாது.

இதற்கென்று ஒரு தனி ஜீன் கிடையாது. 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை வைத்து 2022ல் வந்த ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுப்பில் காட்டியது. ஒவ்வொரு இடமும் அபாயத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டுகிறது. அந்தத் துளிகள் எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கின்றன, வேண்டாம் என்று போனவர்கள் வீட்டிலும். இவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுகிற முறையும் இருக்கிறது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவானது என்பதால் நமக்கு அதன் துல்லியம் இன்னும் குறைவு. எந்த நாட்டிலும் அதை வைத்துத் தனி ஒருவருக்கு வரும், வராது என்று சொல்லிவிட முடியாது. டெஸ்ட் எடுத்துச் சொல்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"சின்ன வயசுலயே யார்கிட்டயும் சேர மாட்டான், அப்பவே தெரிஞ்சுது" என்று சித்தப்பாவைப் பற்றி இன்றைக்கும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை அமைதியாக இருந்தாலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஒதுங்கிப்போகும் குணத்துக்கும் இந்த நோய்க்கும் மரபணுவில் கொஞ்சம் ஒட்டு இருப்பது ஆய்வுகளில் தெரிகிறதுதான். அதற்காகக் கேரம் போர்டு பக்கம் வராத பையனை நோயாளி ஆக்காதீர்கள். கூச்சம் சுபாவம். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. நன்றாகப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, சில மாதத்தில் கூட்டாளிகளை விட்டுவிட்டு, தூங்காமல் குளிக்காமல், யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது வேறு விஷயம். சித்தப்பாவுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பஸ்ஸில் காலேஜ் பசங்க எழுந்து "தாத்தா, உக்காருங்க" என்கிறார்கள். முன்பல் இரண்டு இல்லை, பீடி பிடிக்கிற விரல்கள் காவியேறிக் கிடக்கின்றன, மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். தற்கொலையும் ஒரு காரணம், ஆனால் அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் போன்ற உடல் நோய்கள்தான்.

டிஎன்ஏவில் ஏறும் வேதியியல் குறிகளை வைத்து உடம்பின் வயதைக் கணக்கிடுகிற முறைகள் இருக்கின்றன. 2013ல் ஹோர்வாத் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கிய கணக்கில் இந்த நோயாளிகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆயுளைக் கணிக்கவென்று பின்னால் வந்த கிரிம்ஏஜ் போன்றவற்றில் இவர்கள் உடம்பு வயதைத் தாண்டி ஓடுகிறது. கிரிம்ஏஜ் எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறது தெரியுமா? புகைபிடித்த தடமும் அதில் உண்டு. பீடியும் சர்க்கரையும் கவனிப்பாரற்ற உடம்பும் பிறவியிலேயே எழுதிவைத்த விதி இல்லையே! மாற்ற முடிகிற இடத்தை விட்டுவிட்டு, மாற்ற முடியாத ரத்தத்தைப் பற்றியே தெருவெல்லாம் பேச்சு.

டாக்டர்களிலும் சிலர் இப்படித்தான். நெஞ்சு அடைக்கிறது, இடது கை வலிக்கிறது என்று சொன்ன சித்தப்பாவை, மனநல மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் "பதட்டம்தான், கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பப் பார்த்தார்கள். அத்தை நகரவே இல்லை. "ஈசிஜி எடுத்துட்டு அப்புறம் சொல்லு சார், அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். எடுத்தார்கள். அட்மிட் செய்தார்கள்.

டாக்டர் சாரதா மேனன் 1984ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்று ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிய ஊர் இது. இந்த நோயோடு வேலைக்குப் போய் வாழ முடியும் என்பதை நாற்பது வருஷமாகக் கண்ணால் பார்க்கிற ஊர். இங்கே அத்தை மாதிரி ஒருத்தர் மல்லுக்கட்டினால்தான் ஈசிஜி என்றால் எப்படி?

வீட்டில் இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது எடை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலான்சபின், குளோசபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீடியை விட வைக்கும்போதும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புகை நின்றால் இந்த இரண்டு மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் ஆயாவுக்கு மட்டும் பிரஷர் பார்த்து அனுப்பாமல், உள்ளே படுத்திருப்பவரையும் எழுப்பி உட்கார வையுங்கள். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.