பக்கம் திறக்காது, காரணமும் சொல்லாது

இரண்டு கம்பிகளைச் செருகினால் போதும் என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். செருகுகிற வரைக்கும் அது உண்மைதான். பழைய தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் அந்த உள்ளங்கையளவு அடாப்டரில் ஒரே ஓர் அமைப்பை மாற்ற வேண்டும் என்று கிளம்பிப் பாருங்கள், அப்போது தெரியும் அவர்களுடைய சாமர்த்தியம்.

நான் பெரிய வரம் ஒன்றும் கேட்கவில்லை. கனடாவின் ஸ்கார்பரோவில் அம்மா வீட்டுத் தொலைபேசி இந்த அடாப்டர் வழியாகத்தான் வேலை செய்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் மனப்பாடமான எண் அது ஒன்றுதான் என்பதால் அதைக் கைவிட அம்மா சம்மதிக்க மாட்டார். பேச்சில் குறையில்லை. ஆனால் மருத்துவரின் கிளினிக்கை அழைத்தால், சந்திப்பு நேரம் வேண்டுமானால் இரண்டை அழுத்துங்கள் என்கிறது இயந்திரக் குரல். அம்மா அழுத்துகிறார். அது பாட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிக்கிறது. அம்மா இன்னும் பலமாக அழுத்துகிறார்.

காரணம் மர்மமானது அல்ல. பொத்தானை அழுத்தும்போது எழும் ஒலியை இந்த அடாப்டர் பேச்சோடு பேச்சாகச் சேர்த்து அனுப்புகிறது. எங்கள் இணைப்பில் பேச்சைச் சுருக்குவது ஜி.729. நொடிக்கு 8 கிலோபிட்டுக்குள் மனிதக் குரலை அடைக்கவென்று உருவான முறை அது. குரல் பிழைத்துக்கொள்கிறது, பொத்தான் ஒலி சிதைந்துபோகிறது. இதற்கு மருந்து 2000ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2833 என்ற இணையத் தர ஆவணத்தில் எழுதப்பட்டு, 2006இல் திருத்தியும் வெளியிடப்பட்டுவிட்டது: எண்களை ஒலியாக அனுப்பாமல் தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பட்டியலைத் திறந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அந்தப் பக்கத்தைத் திறப்பதற்குத்தான் இத்தனை அவதி.

முதலில் அதன் ஐபி முகவரி, அதாவது வீட்டு வலையமைப்பில் அதற்குரிய எண், தெரிய வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் முகவரி எதற்கும் உதவாது, ஏனென்றால் வீட்டு ரவுட்டர் தன் விருப்பப்படி ஒரு முகவரியைக் கொடுத்திருக்கும். அடாப்டருக்குத் திரை கிடையாது. ஆகவே அதனோடு பிணைந்த தொலைபேசியை எடுத்து அதையே கேட்க வேண்டும். நான்கு முறை நட்சத்திரக் குறி, பிறகு 110, பிறகு சதுரக் குறி (#). இது இந்த மாதிரிக்கு. வேறொரு நிறுவனத்தின் அடாப்டரில் மூன்று நட்சத்திரமும் 02உம், இன்னொன்றில் மூன்று நட்சத்திரமும் 1உம். இருபது வருடங்களுக்கு மேலாக இதே சாமான்களைச் செய்கிறவர்கள் ஒரு பொதுவான எண்ணில் கூட உடன்படவில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அம்மா அழுத்தும் எண்களை இந்த அடாப்டர் தனக்காகக் கேட்கும்போது ஒன்றுவிடாமல் சரியாகப் புரிந்துகொள்கிறது. வெளியே அனுப்பும்போதுதான் கெடுக்கிறது.

சரி, முகவரியை ஒப்பித்தது. உலாவியில் தட்டினேன். 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை.'

எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த ஒற்றை வரியால்தான். அடாப்டர் ஒரு ரவுட்டருக்குப் பின்னாலும் மடிக்கணினி இன்னொரு ரவுட்டருக்குப் பின்னாலும் இருந்தாலும் இதே வரி. விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தால், அங்குள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்று ரவுட்டர் தடுத்திருக்கும்; அப்போதும் இதே வரி. மடிக்கணினியை அலுவலக வலையமைப்போடு பிணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால், வீட்டு முகவரிக்கான தேடலையும் அது அலுவலகத்துக்கு இழுத்துப்போயிருக்கலாம். அதற்கும் இதே வரி. மடிக்கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே சூட்டிக்கொண்டு திண்டாடினாலும் அதே பல்லவிதான். போதாததற்கு, முகவரியின் முன்னால் எச்டிடிபி என்று முழுதாகத் தட்டாவிட்டால் சில உலாவிகள் பாதுகாப்பான இணைப்பைத்தான் முதலில் தேடுகின்றன. பழைய அடாப்டர்களுக்குத் தெரிந்ததோ அந்தப் பாதுகாப்பு முறையின் பழைய பதிப்பான டிஎல்எஸ் 1.0. அதையும் 1.1ஐயும் பெரிய உலாவிகள் எல்லாம் 2020இல் கைவிட்டுவிட்டன. அடாப்டர் நலமாக இருக்கிறது, உலாவியும் நலமாக இருக்கிறது, நடுவில் பயனாளி மட்டும் பைத்தியம் பிடித்து உட்கார்ந்திருக்கிறான்.

ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒதுக்கிய பிறகு கிடைத்தது உண்மையான காரணம். இந்த அடாப்டருக்கு இரண்டு ஈதர்நெட் துளைகள், அதாவது இணையக் கேபிள் செருகும் துளைகள். ஒன்று இணையத்தை நோக்கியது, மற்றது கணினியை நோக்கியது. இணையத்தை நோக்கிய துளை வழியாக யார் வந்து அமைப்புப் பக்கத்தைக் கேட்டாலும் பதில் சொல்லாதே என்று தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். ரவுட்டருக்குப் பின்னால் வைத்திருக்கும் வீடுகளில் அடாப்டரை இணைப்பதே அந்தத் துளையில்தான். ஆக, வீட்டுக்குள் இருந்து வருகிற நானும் அதன் கணக்கில் வெளியாள்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணையத் தொலைபேசிக் கணக்குகளைத் திருடி, அதிகக் கட்டண எண்களுக்கு இரவோடு இரவாக அழைப்புப் போட்டுப் பணம் பறிக்கும் கூட்டம் உண்மையாகவே இருக்கிறது. அடாப்டரை நேரடியாக மோடத்தில் செருகுகிறவர்களுக்கு இந்தப் பூட்டு அவசியம். ஆனால் கள்ளனுக்குப் பயந்து கிணற்றை மூடிப் பூட்டிவிட்டு, தண்ணீர் அள்ள வந்த வீட்டுக்காரியிடம் திறப்பு இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவதற்கு என்ன பெயர்? திறப்பு இருக்கத்தான் செய்கிறது. தொலைபேசியில் நான்கு நட்சத்திரம், 7932, சதுரக் குறி, பிறகு 1, சதுரக் குறி, சேமிக்க இன்னொரு 1. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வரிசை எண்ணுக்கும் பட்டைக் குறிக்கும் இடமிருக்கிறது, இந்த ஒரு வரிக்கு இடமில்லையாம்.

கணினிக்கான துளையில் கேபிளைச் செருகிப் பாருங்கள் என்று அறிவுரை சொல்ல ஓடி வருகிறவர்களுக்கு: இப்போதைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது. மாற்றி ஒன்றை வாங்கிச் செருகினாலும், அடாப்டர் அந்தப் பக்கம் வைத்திருக்கும் 192.168.0 என்று தொடங்கும் முகவரி வரிசையையே வீட்டு ரவுட்டரும் வைத்திருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பச் சொல்கிறவர்கள் இன்னும் மேல். அதற்கும் ஓர் எண் இருக்கிறது, 73738. அழுத்தினால் தொலைபேசிக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழியும். அந்தக் கடவுச்சொல்லைச் சேவை நிறுவனம் எனக்குத் தந்ததே இல்லை.

பூட்டைத் திறந்தேன். பக்கம் வந்தது. நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டது. அதுவும் சேவை நிறுவனத்திடம்தானாம். காசு கொடுத்து வாங்கிய சாமானின் கடவுச்சொல்லுக்காக வாடிக்கையாளர் சேவையில் காத்திருக்கிறேன், காதில் புல்லாங்குழல். வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அடாப்டரை அணைத்துப் போடச் சொன்னார். பொத்தான் ஒலி, ஜி.729 என்றெல்லாம் விளக்கியதும் சற்று மௌனமாக இருந்துவிட்டு, வேறு தொலைபேசியில் முயன்று பார்த்தீர்களா என்று கேட்டார். கெஞ்சியும் அதட்டியும் மேலதிகாரி ஒருவரைப் பிடித்துக் கடவுச்சொல்லை வாங்கி அமைப்பை மாற்றினேன். கிளினிக்கின் இயந்திரக் குரல் முதல் அழுத்தலிலேயே வழிவிட்டது.

அந்த வார இறுதியில் மின்சாரம் போய் வந்தது. அடாப்டர் விழித்தெழுந்ததும் நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து தன் அமைப்புகளைப் புதிதாக இறக்கிக்கொண்டு, நான் மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டது. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டது. இனி அந்த மாற்றத்தை அவர்கள் தங்கள் சேவையகத்திலேயே செய்தால்தான் நிலைக்கும். கேட்டிருக்கிறேன். பரிசீலிப்பார்களாம். அதுவரை கிளினிக்கில் நேரம் வாங்க அம்மா என் கைபேசிக்கு அழைக்கிறார், அம்மாவுக்காக நான் இரண்டை அழுத்துகிறேன்.