மகசூலும் தாசிலும் ஒரே வேர்
பெயர்ச்சொல் ஆக்க ஆங்கிலம் விகுதி ஒட்டும், அரபி உள்ளே உயிரெழுத்தை மாற்றும், அவ்வளவுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரை பிரித்திருப்பது முழுக்கச் சரியில்லை. அரபியிலும் விகுதி உண்டு: இன்ஸான் மனிதன், இன்ஸானிய்யா மனிதம். ஆங்கிலத்திலும் சிங் (பாடு) என்ற வினை சாங் (பாட்டு) என்று பெயராகிறது, நம் கெடு கேடு ஆவது மாதிரி. ஆனாலும் அரபி வேரின் வீச்சே தனி: சில மெய்யெழுத்துகளால் ஆன ஒரே வேரிலிருந்து பல சொற்கள் பிறக்கும். கிருஷ்ணகிரியில் எங்கள் தோப்பில் மாங்காயைக் கூடையில் அடுக்கிக்கொண்டே அப்பா 'இந்த வருஷம் மகசூல் கம்மி' என்பார். அப்புறம் பட்டாவுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்குக் கிளம்புவார். ஹ-ஸ-ல என்ற ஒரே வேரில் வந்தவைதான் மஹ்ஸூலும் தஹ்ஸீலும். முன்னது விளைந்து கிடைத்தது, பின்னது திரட்டுவது. 'தார்' மட்டும் பாரசீக விகுதி. அரபி வகுப்பில் இதைக் கேட்ட அன்றே அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.